பந்தல் வாசலில் பிசகிய எண்

"இன்னாம்மா இது? இருநூத்தி அம்பத்தஞ்சு காட்டிக்கினு இருந்துச்சி, ஒரே ஒருத்தரு உள்ள வந்தாரு, ஐந்நூத்தி பதினொண்ணாயிடுச்சி!"

அமைப்பாளர் ராஜாங்கம் அந்த எண்ணை மைக்கிலும் சொல்லித் தொலைத்துவிட்டார். கண்மூடித் திறப்பதற்குள் வாசல் பெட்டி 256 காட்டியது. பந்தலே சிரித்தது.

கோகிலவாணிக்கு முகம் சுண்டிப் போயிற்று. சங்கராபுரத்தில் இடஒதுக்கீட்டு உண்ணாவிரதம். வாசலில் ஒளிக்கதிரைத் தாண்டி வருகிறவர்களை எண்ணும் பெட்டி, அவள் கைவேலை. சாயங்காலம் கூட்டத்தின் எண்ணிக்கையோடு அவள் பெயரையும் மேடையில் சொல்வதாக ராஜாங்கம் வாக்குக் கொடுத்திருந்தார். அவள் அப்பா பாவாடையின் குடும்பத்தில் மைக் ஏறப்போகும் முதல் பெயர் அது.

லேப்டாப்பைத் திறந்தாள். பிசகு பிடிபட்டது. சின்ன சிப், 255-க்கு மேற்பட்ட எண்ணை ஒரே மூச்சில் படிக்காது. முதலில் ஒரு பாதி, பிறகு மறுபாதி. நடுவில் யாராவது வாசலைத் தாண்டினால் சென்சாரின் இன்டரப்ட், அதாவது குறுக்கீடு, புகுந்து எண்ணை மாற்றிவிடும். பழைய பாதியின் 255-ம் புதுப் பாதியின் 256-ம் ஒட்டிக்கொண்டு 511 என்று பொய் சொல்லும்.

எண்ணைப் படித்துத் திரையில் எழுதி முடிக்கும்வரை இன்டரப்டைப் பூட்டி வைத்தாள். புது புரோகிராம் ஏற்றியதும் கணக்கு பூஜ்யமாகிவிட்டது.

"எல்லாரும் வெளிய போயி மறுபடி வாங்க!" என்றார் ராஜாங்கம்.

"பட்டினி கெடக்கறவங்கள இப்படியா நடக்க வுடுவீங்க?"

முனகிக்கொண்டே வந்தார்கள். திரையில் எழுதும் நேரத்தில் நுழைந்தவர்களைப் பெட்டி கண்டுகொள்ளவே இல்லை. விடுபட்டவர்களில் வீரமணி ஒருவன். தான் நுழைந்தும் எண் நகராததைப் பார்த்து எகிறினான்.

"எங்கள எண்ணி எங்க பங்கக் குடுன்னுதான் போராட்டமே! நீயே எண்ணாம வுட்டா எப்படிம்மா?"

அவளுக்குச் சுருக்கென்றது. பூட்டு வேண்டும், ஆனால் இவ்வளவு நேரம் வேண்டாம். எண்ணை நினைவகத்தின் வேறொரு இடத்தில் நகலெடுக்கும் அந்த நொடித்துகளுக்கு மட்டும் பூட்டினாள், உடனே திறந்துவிட்டாள். திரைக்கு நகல் போதும்.

கூட்டம் அவளைத் திட்டிக்கொண்டே மறுபடி வெளியே போய் வந்தது. 254, 255, 256, 257. பெட்டி இம்மியும் பிசகவில்லை.

சாயங்காலம் மைக் முழங்கியது. "அறுநூத்தி நாப்பது பேரு! எண்ணினது நம்ம பாவாடை பொண்ணு கோகிலவாணி!"

கைதட்டலில் பந்தல் அதிர்ந்தது. பெருமை தாங்காமல் வாசலுக்கு ஓடிவந்தாள். அங்கே டீக்கடை செவ்வந்தி காலையிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கணக்கு சரிதானேக்கா?"

"பொட்டி மேல குத்தமே இல்ல கண்ணு. ஒருத்தரு மட்டும் பின்பக்கமா வெளிய போறதும், ஒவ்வொரு தடவையும் ஒரு சொந்தக்காரர இழுத்தாந்து 'எம்பொண்ணு செஞ்சது'ன்னு மறுபடி உள்ள பூர்றதுமாவே இருந்தாரு. நீ எண்ணினதுல பாதி உங்கப்பாதான்!"