பூட்டுக்காரர் வாயைத் திறந்த கதை

என் வாயில் மிச்சமிருக்கும் பற்கள் அத்தனையின் மீதும் ஆணையிட்டுச் சொல்கிறேன்: இந்தக் கதையில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. பொய் மாதிரித் தெரிகிற இடங்கள்தான் ரொம்ப உண்மை.

எங்கள் தெருமுனையில் பூட்டுக்காரர் ஒருவர் கடை வைத்திருக்கிறார். கடையின் பின்பக்கமே வீடு. அவர் கைக்கு மசியாத பூட்டு இந்தப் பூமியில் கிடையாது. ஒருமுறை ஒரு இரும்புப் பெட்டியின் முன்னால் நின்று சும்மா கனைத்தாராம். பெட்டி பயந்துபோய்த் திறந்துகொண்டதாம். நான் பார்க்கவில்லை. பெட்டி பார்த்திருக்கிறது, அது போதும்.

அப்பேர்ப்பட்டவரால் திறக்க முடியாதது ஒன்றே ஒன்று. சொந்த மகளின் வாய்.

மகளுக்கு ஆட்டிசம். எந்நேரமும் கையில் ஒரு சாவிக்கொத்து இருக்கும் என்பதால் பெயரே கொத்து என்றாகிவிட்டது. பேச்சு குறைவு, பார்வை கூர்மை. கடைச் சாவிகளை அளவுவாரியாக அடுக்கி வைப்பாள். ஒன்று இடம் மாறினாலும் கண்டுபிடித்துவிடுவாள். அவளுக்கு வலிப்பும் உண்டு. அதற்கான மருந்தை ஒரு வேளைகூட விடக்கூடாது. இத்தனை நாளும் ஒரு சிரப்பைக் குடித்துக்கொண்டு சமர்த்தாகத்தான் இருந்தாள். இப்போது அந்தச் சிரப் வருவது நின்றுபோய்விட்டது. இனி மாத்திரைதான் என்று சொல்லிவிட்டார் டாக்டர். அவளோ மாத்திரையைக் கண்டாலே உதட்டை மடித்துக்கொண்டு, காதையும் பொத்திக்கொள்கிறாள்.

வீட்டில் இருந்த கடைசி சீசாவில் அடிமட்டம் தெரிய ஆரம்பித்துவிட்டது. பூட்டுக்காரருக்கு இருப்புக்கொள்ளவில்லை. கடைக்கும் சமையலறைக்கும் நடையாய் நடந்தார். வருகிறபோதெல்லாம் சீசாவை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பார்க்கப் பார்க்க அது கூடுமா என்ன?

"சும்மா சும்மா தூக்கிப் பாக்காதீங்க. ஆவியாப் போயிடப் போகுது" என்றாள் மனைவி.

அவள் வீட்டிலேயே தையல் வேலை செய்பவள். வாயில் எப்போதும் நாலைந்து குண்டூசி இருக்கும். பேச்சு உதட்டோரமாகத்தான் வரும். ஊசிகளை எடுத்துக் கீழே வைத்துவிட்டுப் பேசினால், விஷயம் பெரிசு என்று அர்த்தம்.

"இந்தா பாரு, என்கிட்ட விடு. இந்தச் சீசா காலியாகறதுக்குள்ள அவளை மாத்திரை போட வைக்கிறேன். முடியலைன்னா நான் பூட்டுக்காரனே இல்ல."

மனைவி ஊசிகளை எடுத்துக் கீழே வைத்தாள்.

"முடியலைன்னா?"

"நீ சொல்றதைக் கேக்கறேன்."

"எதைச் சொன்னாலும்?"

"எதைச் சொன்னாலும்."

"மறுபேச்சு?"

"மூச்!"

ஊசிகள் வாய்க்குத் திரும்பின. பாவம், அந்த மனுஷனுக்கு அப்போதே லேசாகச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

முதல் திட்டம் வாழைப்பழம். கொத்து விரும்பிச் சாப்பிடுவதே விரல்விட்டு எண்ணக்கூடிய பண்டங்கள்தான். அதில் முதலாவது அது. பூட்டுக்காரர் மெல்லிய கம்பியால் பழத்தைக் குடைந்து, மாத்திரையை உள்ளே செருகி, தோலை மூடி, குடைந்த தடம் தெரியாமல் நீட்டினார். கொத்து வாங்கினாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பழத்தை நடுவில் பிளந்து, மாத்திரையை இரண்டு விரலால் எடுத்து, ஜன்னல் விளிம்பில் வைத்தாள். பழத்தை அப்பாவின் மடியில் வைத்தாள். வீட்டில் மிச்சமிருந்த பழங்களையும் ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து அதே மடியில் அடுக்கினாள். அன்றோடு வாழைப்பழத்துக்கும் அவளுக்கும் உறவு முறிந்தது.

மனைவியின் வாயிலிருந்து ஊசிகள் மறுபடி இறங்கின.

"அவ சாப்பிடறதே கொஞ்சம். அதுலயும் ஒண்ணை ஒழிச்சாச்சு. நாளைக்குத் தண்ணியைக் குடுத்தாலும் உள்ள என்ன இருக்குன்னு பாப்பா. அவளை ஏமாத்தாதீங்க."

"ஏமாத்தலைம்மா. ஒரு உத்தி."

"உத்தியை மடியில வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கீங்களே, அதைச் சாப்பிட்டு முடிங்க."

இரண்டாவது திட்டம் ஆகாயவிமானம். மாத்திரையைக் கரண்டியில் வைத்து, வாயால் இரைச்சல் போட்டுக்கொண்டு வீடு முழுக்கப் பறந்தார். கொத்து காதைப் பொத்திக்கொண்டு தையல் மேஜைக்கு அடியில் போனவள், வெளியே வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் மட்டும் வந்தார், ஏதாவது எரிகிறதா என்று கேட்டுக்கொண்டு.

சீசாவில் இன்னும் கொஞ்சம்தான். பூட்டுக்காரர் கடை வாசலையே பார்த்தார். போன தடவை வலிப்பு வந்தபோது அவள் விழுந்தது கடை வாசலில், அவர் கண்ணெதிரில். எல்லாப் பூட்டையும் திறந்த கை, அன்றைக்குச் சும்மா அந்தரத்தில் நின்றது. அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

மூன்றாவது திட்டம், தானே போட்டுக்காட்டுவது. அவருக்கும் ரத்தக்கொதிப்பு உண்டு. தினமும் போட வேண்டிய ரோஸ் நிற மாத்திரையும் உண்டு.

"கொத்து, இங்க பாரு. அப்பா போடறேன். ஆ... முழுங்கியாச்சு! இப்ப நீ."

கொத்து அவரையே பார்த்தாள். பிறகு தன் வெள்ளை மாத்திரையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்!

"ஏய், இங்க ஓடி வா! போட்டுட்டா! போட்டுட்டா!" பூட்டுக்காரர் குதித்த குதியில் சுவரில் தொங்கிய சாவிகள் அத்தனையும் கைதட்டின.

மனைவி ஓடிவந்தாள். கொத்து அவசரப்படவில்லை. திரும்பினாள். அலமாரிக்குப் போனாள். அங்கே முதுகுத் தகடு கழன்ற பெரிய பழைய பூட்டு ஒன்று, விற்காமல் பல வருஷமாக உட்கார்ந்திருந்தது. அதன் பின்புற ஓட்டையில் குனிந்து, மாத்திரையைத் துப்பினாள். வாயைத் துடைத்துக்கொண்டு, அச்சு அசல் அப்பாவின் குரலில், அவர் தினமும் சொல்வதையே சொன்னாள்:

"ஆச்சு, போட்டாச்சு."

மனைவி பூட்டை எடுத்து ஆட்டினாள். கிலுகிலுப்பை மாதிரிச் சத்தம் வந்தது. மேஜைமேல் கவிழ்த்தாள். முதலில் விழுந்தது ஈரமான வெள்ளை மாத்திரை ஒன்று. தொடர்ந்து ரோஸ், ரோஸ், ரோஸ் என்று கொட்டிக்கொண்டே இருந்தது. பூட்டுக்காரர் கூரையைப் பார்த்தார்.

"வெள்ளை பாப்பாவோடது. இதெல்லாம் யாரோடதுங்க?"

"அது... கசக்குதும்மா."

"அவளுக்கு மட்டும் இனிக்குதாக்கும்? இந்த வீட்டுல மாத்திரையை இப்படித்தான் போடணும்னு தெனமும் நீங்க பாடம் நடத்தியிருக்கீங்க. அவ சரியாப் படிச்சிருக்கா."

"சரி... நான் தோத்துட்டேன். என்ன செய்யணும், சொல்லு."

"நாளையிலேருந்து முதல்ல நீங்க. அப்புறம் அவ. அப்புறம்தான் சாவி, கடை எல்லாம். முழுங்கினதும் வாயைத் திறந்து காட்டிட்டுத்தான் எந்திரிக்கணும்."

மனைவியும் சும்மா இருக்கவில்லை. டாக்டரிடம் பேசி, அதே மருந்தைப் பூச்சுள்ள சின்ன மாத்திரையாக வாங்கினாள். கசப்பு நாக்கில் படாது. மறுநாள் காலை, ஒரே மேஜை, ஒரே மாதிரி நாற்காலிகள், ஒரே மாதிரித் தம்ளர்கள். அப்பா விழுங்கினார், நிஜமாகவே. கொத்து தன் மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள், அவ்வளவுதான். மனைவி "போதும்" என்று சொல்லி, பரிசாக ஒரு புதுச் சாவிக்கொத்தைக் கொடுத்துவிட்டு, சிரப்பை ஊற்றினாள். அடுத்த தடவை மாத்திரை உதடுவரை போனது. அதற்கடுத்து நாக்குவரை. யாரும் கத்தவில்லை. யாரும் பறக்கவில்லை. சீசாவைக் கவிழ்த்துக் கடைசிச் சொட்டை வடித்த மறுநாள், கொத்து தண்ணீர் குடித்தாள், தொண்டை ஏறி இறங்கியது, அம்மாவைப் பார்த்து வாயைத் திறந்து காட்டினாள். காலி.

மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டு, இல்லாத நூல் ஒன்றை ஊசியில் கோத்தாள். பூட்டுக்காரர் கடைக்குள் போய், யாரும் கேட்காத ஒரு சாவியை வெகுநேரம் அரத்தால் ராவிக்கொண்டிருந்தார்.

கதை இங்கே முடிந்திருந்தால் அவருக்கு நல்லது. கொஞ்ச நாள் போனதும், கசப்பு மறுபடி அவர் புத்தியைக் கலைத்தது.

"ஏம்மா, பாப்பாவுக்குத்தான் பழகிடுச்சே. இனிமே நான் நிறுத்திக்கலாம்ல?"

"தாராளமா நிறுத்துங்க."

"நிஜமாவா?"

"அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு நிறுத்துங்க. அந்தப் பூட்டுக்குள்ள நீங்க சேத்து வெச்சது எனக்கு எப்பவோ தெரியும். தூசி தட்டுறது யாருன்னு நினைச்சீங்க? நான் சொன்னா ஆயிரம் சாக்குச் சொல்வீங்க. அதான் சொல்ற ஆள் வர்றவரைக்கும் காத்திருந்தேன்."

திரும்பிப் பார்த்தார். கொத்து நின்றுகொண்டிருந்தாள். ஒரு கையில் தம்ளர். மறு கையில், பூட்டுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்க்க அவர் வைத்திருக்கும் சின்ன டார்ச்.

"அப்புறமா போட்டுக்கறேன் கண்ணு. வாடிக்கையாளர் காத்திருக்கார்..."

"அப்பா முதல்ல."

"இன்னைக்கு ஒருநாள்..."

டார்ச் எரிந்தது.

"அப்பா முதல்ல."

எந்தப் பூட்டையும் திறக்கிறவர், வாயைத் திறந்தார்.

அவ்வளவுதான். நான் சொன்னேன் என்று மட்டும் எங்கேயும் மூச்சுவிட்டுவிடாதீர்கள். என் வீட்டு மாற்றுச்சாவி அவர் கடையில்தான் தொங்குகிறது.