இக்னேசியஸ் மனேஜரான மத்தியானம்

"ஜூலியனை மாத்தப் போறீங்களோ?" என்று மனைவி ஜெனாட் கேட்டபோது இக்னேசியஸ் அவள் பக்கம் திரும்பவில்லை. திரும்பினால் அவள் சிரிப்பாள் என்று அவருக்குத் தெரியும்.

டொரொண்டோவின் மல்வேர்னில் பழைய மாணவர் சங்கத்தின் வருடாந்த ஒன்றுகூடல். மரத்தடியில் ரோல்ஸும் கொத்துரொட்டியும், மைதானத்தில் மல்வேர்ன்காரருக்கும் பக்கத்து ஊர் விட்பிக்காரருக்கும் சொஃப்ட்போல், அதாவது பேஸ்போலின் தம்பி. இந்த வருடம் மல்வேர்ன் அணிக்கு இக்னேசியஸ்தான் மனேஜர். அந்தப் பதவி லேசில் கிடைத்ததல்ல. வருடக்கணக்காக ரீவிக்கு முன்னால் கத்திச் சம்பாதித்தது.

"நல்லா எறிஞ்சுகொண்டு நிக்கிறவனை ஏன்ரா எடுக்கிறாய்? மண்டைக்குள்ள என்ன கிடக்கு உனக்கு?" என்று ஒவ்வொரு மட்சிலும் கத்துவார். டொரொண்டோ பேஸ்போல் அணியை நடத்துகிற மனேஜருக்குத் தமிழ் தெரியாதது அந்த மனிதர் செய்த புண்ணியம். லீக் விதிகளையும் இக்னேசியஸ் விட்டுவைப்பதில்லை. மட்ச் சமனாகி நீண்டால் ஓடி அடைய வேண்டிய இரண்டாம் பேஸில் ஓர் ஆளைச் சும்மா கொண்டுபோய் நிறுத்துவார்களே, அதைக் கண்டால் அவருக்குப் பத்திக்கொண்டு வரும். "அடிக்காதவனுக்கு ஏனப்பா பேஸ்? இது விளையாட்டோ, நிவாரணமோ?"

பக்கத்து அறையில் தன் நாடகத்தின் ஒரு வசனமும் கேட்காமல் தவித்த ஜெனாட் கடைசியில் ஒரு பந்தயம் கட்டினாள்.

"உங்கட மல்வேர்ன் ரீம் வெண்டா நீங்கள் விரும்பின மாதிரிக் கத்துங்கோ. தோத்தா இந்த சீசன் முடியுமட்டும் ரீவிக்கு முன்னால வாய் திறக்கக் கூடாது."

"சரி," என்று வீரமாகச் சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் யோசித்தார். வாயை மூடிக்கொண்டு பேஸ்போல் பார்ப்பதென்றால் அது என்ன பார்வை?

அதனால் எல்லாவற்றையும் முறைப்படி செய்தார். அதே நேரத்தில் டொரொண்டோ அணிக்கும் முக்கியமான மட்ச். அதை வீட்டில் பதிவுசெய்ய விட்டுவிட்டு வந்திருந்தார். "ஆரும் எனக்கு ஸ்கோர் சொல்லக் கூடாது. ஃபோன் எல்லாத்தையும் இந்தப் பைக்குள்ள போடுங்கோ. விளையாட்டில கவனம் வேணும்," என்று தன் ஆட்களின் ஃபோன்களைப் பறித்துக்கொண்டார். பிறகு நடுவர் எட்வேட் அண்ணையிடம் போனார்.

"அண்ணை, பிக்னிக் விளையாட்டு மாதிரிப் போறவன் வாறவன் எல்லாம் சரிவராது. லீக் விதிதான். வெளியில போனவன் போனவன்தான். ஒன்பது பேர் இல்லாத ரீம் தோத்த ரீம். மனேஜரும் இறங்கி விளையாடப்படாது."

"யோசிச்சுத்தான் சொல்லுறீரோ?"

"விதி எண்டா விதி, அண்ணை."

முதல் பாதி முழுக்க மல்வேர்ன் வெளுத்து வாங்கியது. பந்து எறிந்த ஜூலியன், ஜெனாட்டின் தம்பி, ஒருவரையும் அசையவிடவில்லை. இக்னேசியஸ் மனதுக்குள் அடுத்த வருடப் பதவியையும் ஏற்றுக்கொண்டார். நேரத்தைப் பார்த்தார். டொரொண்டோ மட்ச் தொடங்கியிருக்கும். சங்கத்துக்காக எவ்வளவு பெரிய தியாகம் என்று தன்னைத் தானே மெச்சிக்கொண்டார்.

அப்போதுதான் ஜூலியனுக்கு என்னவோ நடந்தது. ஒரு பந்து வானத்துக்குப் போனது. அடுத்தது குளிர்பானப் பெட்டிக்குப் போனது. விட்பிக்காரர் மட்டையை ஆட்டாமலே நடந்து பேஸுக்குப் போனார்கள்.

ஜெனாட் அந்தக் கேள்வியைக் கேட்டது இந்த இடத்தில்தான்.

"அது வேற, இது வேற," என்றார் இக்னேசியஸ். "ஜூலியன், வெளியில வா!"

"ஐயோ அத்தான், உண்மையாவோ?" என்று கேட்டுவிட்டு ஜூலியன் அவரைக் கட்டிப்பிடித்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டு வாகனத் தரிப்பிடத்தில் நின்ற தன் வானை நோக்கி நடந்தான். பாவம், மனம் உடைந்துபோனான் என்று இக்னேசியஸ் நினைத்தார்.

ஜூலியனுக்குப் பதிலாக எறிய வந்த மாக்கஸ் அவனைவிட மோசம். அவனையும் எடுத்தார். றெபேக்கா கைக்குள் விழுந்த பந்தைக் கீழே போட்டாள். அவளையும் எடுத்தார். துஷாந்த், பந்து காலடியில் கிடக்க, மேலே பறந்த வாத்துகளைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"டேய், நீயும் போ!"

"தாங்க்ஸ், அங்கிள்!"

என்ன மரியாதையான பிள்ளை என்று அவர் உருகிப்போனார். போனவர்கள் எல்லாரும் ஜூலியனின் வானுக்குள்ளேயே ஏறினார்கள். ஒருவரையொருவர் தேற்றுகிறார்கள் போலும். இடையிடையே அங்கிருந்து பெரிய சத்தம் வேறு கேட்டது. இவ்வளவு ரோசமுள்ள அணியை நான் சரியாக நடத்தவில்லையே என்று அவருக்கு முதன்முறையாக உறைத்தது. மாற்ற இனி ஆளும் இல்லை.

அந்த நேரம் பார்த்து அலெக்ஸாண்டர், "அண்ணை, கால் பிடிச்சிட்டுது," என்று நொண்டிக்கொண்டு வெளியேறினார். புல்வெளி முடியுமட்டும் நொண்டினார். அதற்குப் பிறகு ஓடினார்.

எட்வேட் அண்ணை கையைத் தூக்கினார். "எட்டுப் பேர்தான் நிக்கினம். விட்பி வெண்டிட்டுது."

"அண்ணை, அண்ணை! ஜூலியனைத் திருப்பிக் கூப்பிடுறன்."

"வெளியில போனவன் போனவன்தான்."

"நான் இறங்கிறன்!"

"மனேஜர் இறங்கப்படாது. விதி எண்டா விதி, இக்னேசியஸ்."

ஜெனாட் உதட்டில் விரலை மட்டும் வைத்துக் காட்டினாள். இக்னேசியஸுக்கு அழுகையே வரும்போல் இருந்தது. ரீவியில் டொரொண்டோ மனேஜரை எத்தனை தரம் மடையன் என்று திட்டியிருப்பார்! அவரைக் கண்டால் காலில் விழலாம்போல் இருந்தது.

மைதானத்தின் ஓரத்தில் நிலக்சி மட்டும் தனியாக நின்றாள். விட்பியில் வேலை செய்தாலும் மல்வேர்னுக்காக விளையாட வந்த பெண். தொடக்கம் முதல் ஒரு பிழையும் விடாதவள். தோல்வியிலும் ஒருத்தியாவது மிஞ்சினாளே என்று இக்னேசியஸ் அவளிடம் போய்க் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீ ஒருத்திதான் பிள்ளை, கடைசிவரைக்கும் எனக்காக நிண்டனி."

நிலக்சி ஜூலியனின் வானைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், பெருமூச்சு விட்டாள்.

"சொறி அங்கிள், என்ர பக்கம் ஒரு பந்தும் வரேல்ல. வந்திருந்தா நானும் கீழ போட்டிட்டு, அப்பவே அவையளோட வானுக்குள்ள இருக்கிற ரீவியில டொரொண்டோ மட்ச் பாத்திருப்பன்."