உலக சமாதானமும் பதினொரு பெட்டிகளும்

யாழினி, கவின், நீங்கள் இருவரும் ரிமோட்டுக்கு அடித்துக்கொள்ளும்போதெல்லாம் அம்மா சமையலறையிலிருந்தே, "உங்கப்பனைக் கூப்பிடுங்க, வந்து ஒப்பந்தம் போடட்டும்" என்று சத்தம் போடுவாள். நீங்கள் சிரிப்பீர்கள். நானும் சிரிப்பேன். (என்னுடையது சத்தம் வராத சிரிப்பு.) அந்தக் கேலி எங்கிருந்து வந்தது என்று உறவுக்காரர்கள் உங்களுக்குச் சொன்னது பாதிக் கதைதான். அதில் நான் வெறும் கோமாளி. முழுக் கதையில் நான் அதைவிட மோசம். அதனால்தான் எழுதிவைக்கிறேன்.

நான் பத்தாவது வரை படித்தவன். பத்தாவதில் இங்கிலீஷில் வாங்கிய மார்க்கைச் செருப்புக் கடையில் சொன்னால் சைஸ் எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். பெருமாநல்லூர் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் பேக்கிங் சூப்பர்வைசர். காலை எட்டரைக்கு நிற்க ஆரம்பித்தால் சாயங்காலம் வரை நிற்க வேண்டும். மாடியில் கண்ணாடி போட்ட ஆபீஸ். அங்கே வெளிநாட்டுக்காரர்களோடு இங்கிலீஷில் பேசி ஆர்டரைக் கவனிக்கும் பிரகாஷ், சேரில் உட்கார்ந்திருப்பான். எனக்கு அந்த மாதிரி ஒரு சேர் வேண்டும். கால் வலி ஒரு காரணம். பெரிய காரணம் யாழினியின் பள்ளி ஃபாரம். 'தந்தையின் தொழில்' என்ற கட்டத்தில் 'ஆபீஸ்' என்று எழுத வேண்டும் என்று எனக்கு அப்படி ஓர் ஆசை.

அந்த வருஷம் யாழினிக்குப் பள்ளியில் ஒரு பேச்சைப் பாடமாகக் கொடுத்தார்கள். எந்தக் காலத்திலோ ஒரு நாட்டின் அதிபர் உலக சமாதானத்தைப் பற்றிப் பேசிய பேச்சு. கடைசிப் பக்கத்தில் நாற்பத்திரண்டு கடினச் சொற்கள், எதிரே தமிழில் அர்த்தம். அர்த்தம் எழுதியிருந்த ஒரே காரணத்தால் அதை எடுத்துக்கொண்டுபோய் ஜெராக்ஸ் போட்டுவிட்டேன். பஸ்ஸில் படித்தேன், குளிக்கும்போது படித்தேன். மேன்கைண்ட் என்றால் மனிதகுலம். ட்ரீட்டி என்றால் ஒப்பந்தம். டிஸ்ஆர்மமென்ட் என்றால் ஆயுதங்களைக் கீழே போடுதல். (பனியன் கம்பெனியில் கத்தரிக்கோல் தவிர வேறு ஆயுதம் கிடையாது. அது எனக்குத் தோன்றவில்லை.)

"அப்பா, இதுல பாதி எக்ஸாமுக்கே வராதுப்பா," என்றாள் யாழினி.

"பரீட்சைக்கா கண்ணு படிக்கறேன்? வாழ்க்கைக்குப் படிக்கறேன்."

வீட்டிலும் பழகிப் பார்த்தேன். ஒருநாள் ரசத்தில் உப்பு கூடிவிட்டது. நான் எழுந்து நின்று, இது பேச்சுவார்த்தையில் தீர்க்க வேண்டிய விஷயம் என்று இங்கிலீஷில் சொன்னேன். அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். "ஏனுங்க, உங்களுக்கு ஒடம்பு கிடம்பு செரியில்லீங்களா?"

மூன்று மாதத்தில் நாற்பத்திரண்டும் மனப்பாடம். பேச்சின் போக்கும் மனப்பாடம். ஆசிரியை ஒவ்வொரு பத்திக்கும் ஓரத்தில் சுருக்கம் எழுதியிருந்தார்: முதலில், அமைதி எல்லோருக்கும் தேவை. இரண்டாவது, எதிராளியும் நம்மைப் போல மனிதரே. மூன்றாவது, அவர்களைக் குறை சொல்லும் முன் நம் குறையைப் பார்ப்போம். நான்காவது, முதல் அடியை நாமே எடுத்து வைப்போம். இப்போது யோசித்தால், எனக்கு இங்கிலீஷ் வராது என்பதில் கெடுதல் ஒன்றுமில்லை. எனக்கு வந்த இங்கிலீஷ் மொத்தமும் உலக சமாதானத்தைப் பற்றியது என்பதில்தான் கெடுதல்.

அப்போது கம்பெனியில் ஒரு நேவி ப்ளூ டி-சர்ட் ஆர்டர் ஓடிக்கொண்டிருந்தது. துணி இரண்டு தவணையாகச் சாயம் போட்டு வந்தது. ஒரே நீலம்தான், ஆனால் ஒவ்வொரு தவணைக்கும் ஒரு மயிரிழை வித்தியாசம் இருக்கும். அதனால் ஒரு டி-சர்ட்டின் உடம்பும் கையும் ஒரே தவணைத் துணியில்தான் வெட்ட வேண்டும். கடைசியில் துணி பற்றாமல் உடம்பு ஒரு தவணையிலும் கை இன்னொரு தவணையிலும் வெட்டிவிட்டார்கள். ட்யூப் லைட்டில் தெரியாது, வெயிலில் தெரியும். அப்படிப் பதினொரு பெட்டி. அதைச் சுவரோரம் கடைசி வரிசையில் அடுக்கச் சொன்னார் முதலாளி. அடுக்கினது நான்தான். டேப் ஒட்டினதும் நான்தான்.

சரக்கைப் பார்த்துக் கையெழுத்துப் போட வெளிநாட்டிலிருந்து ஓர் அம்மணி வருகிற நாளில், பிரகாஷுக்கு டைஃபாய்டு. முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

"என்றா செல்வா, இங்கிலீசு படிக்கறேன்னு சொல்லிட்டுத் திரிஞ்சயே, வருமா?"

"வருமுங்க."

"அவ பாட்டுக்குப் பாத்துட்டுப் போயிருவா. கேட்டா ஒரு ரெண்டு வார்த்தை சொல்லு, போதும். இன்னைக்குச் சமாளிச்சுட்டீன்னா நாளையில இருந்து மேல வந்து உக்காந்துக்கோ." ஆபீஸ் மூலையில் கிடந்த சிவப்பு பிளாஸ்டிக் சேரைக் காட்டினார். "ஒரு காலு ஆடும். பாத்து உக்காரு."

அந்தச் சேரை நான் பார்த்த மாதிரி கல்யாணத்தன்று உங்கள் அம்மாவைக்கூடப் பார்த்ததில்லை. (இதை அவளிடம் படித்துக் காட்டாதீர்கள்.)

அம்மணி வந்தார். உயரமானவர், சிரித்த முகம். முன்வரிசையில் நான்கு பெட்டிகளைத் திறந்து பார்த்தார், அளந்தார், எழுதினார். எல்லாம் சுத்தமான சரக்கு. ஒரு மணி நேரத்தில் முடிந்தது. பேனாவைத் திறந்து கையெழுத்துப் போடப் போனவர், சும்மா ஒரு மரியாதைக்கு என்னைப் பார்த்து, "எவ்ரிதிங் ஓகே?" என்றார்.

ஓகே என்று சொல்லியிருக்கலாம். திருப்பூரில் டீ கிளாஸ் கழுவுகிறவர்கூடச் சொல்லும் வார்த்தை. ஆனால் மூன்று மாதம் படித்தவன் ஓகே என்றா சொல்வான்? எனக்குக் கேவலமாக இருந்தது. தொண்டையைச் செருமினேன். முதல் பத்தியை எடுத்துவிட்டேன்.

மனிதகுலம் வந்தது. ஒப்பந்தம் வந்தது. ஆயுதங்களைக் கீழே போடுதல் வந்தது. அம்மணி பேனாவைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றார். முதலாளிக்கும் இங்கிலீஷ் தெரியாது. அவர் முகம் பூரித்துவிட்டது. "நம்மாளு பொளந்து கட்டறான்டா!" என்று டிரைவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது. செக்கிங் டேபிளில் ராசாமணி அக்கா கைதட்ட, டேபிளே கைதட்டியது. அத்தோடு நிறுத்தியிருக்க வேண்டும். கைதட்டல் கேட்ட மனுஷன் எங்கே நிறுத்துகிறான்?

இரண்டாவது பத்தி முடிந்து மூன்றாவது வந்தது. நம் குறையை நாம் முதலில் பார்ப்போம். அந்த இடத்தில் ஓர் உதாரணம் சொல்ல வேண்டும், அதுதான் பேச்சின் போக்கு. எனக்கு உதாரணத்துக்கு வேறு எதுவும் வரவில்லை. என் கை தானாக எழுந்து, சுவரோரம் கடைசி வரிசையைக் காட்டியது. "வீ மிஸ்டேக்," என்றேன். "டூ கலர்." குரல் தழுதழுத்தது வேறு.

நான்காவது பத்திக்கு அவசியம் வரவில்லை. அம்மணியே முதல் அடி எடுத்து வைத்தார், நேராகக் கடைசி வரிசைக்கு. ஒரு டி-சர்ட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய் வெயிலில் விரித்தார். உடம்பு ஒரு நீலம், கை ஒரு நீலம். பேனாவை மூடினார். மொத்தச் சரக்கையும் ஒவ்வொன்றாக வெயிலில் பார்த்துப் பிரித்தால்தான் கையெழுத்து என்று எல்லோருக்கும் புரிகிற மாதிரி கையால் காட்டிச் சொல்லிவிட்டுப் போனார். போகும்போது என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அதுதான் எனக்கு அன்று கிடைத்த உலக சமாதானம்.

முதலாளி கத்துவார் என்று காத்திருந்தேன். அவர் கத்தவில்லை. பக்கத்தில் வந்தார்.

"ஏனுங்க செல்வகுமாருங்க," என்றார். "நீங்க போயி ஒரு டீ சாப்பிட்டுட்டு வாங்க."

கண்ணுகளா, பதினாறு வருஷமாக என்னை வாடா போடா என்றவர் அவர். அந்த 'ங்க' காதில் விழுந்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. திட்டினால் நாம் அவர்கள் வீட்டு ஆள். மரியாதை கொடுத்தால் தீர்ந்தது. அவர் வேலையை விட்டு எடுக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு இன்று வரை என்னை 'ங்க' போட்டுத்தான் பேசுகிறார்.

ஞாயிற்றுக்கிழமையும் வேலை என்று சொல்லிவிட்டார்கள். செக்கிங் பெண்கள் எல்லோரும் வெயில் விழும் ஜன்னலோரம் டேபிளை இழுத்துப் போட்டு ஒவ்வொரு டி-சர்ட்டாக விரித்தார்கள்.

"சமாதானப் புறா வருது, வழி விடுங்கடி!"

"ஏனுங்ணா, இன்னொருக்கா அந்த மனுசகுலத்தச் சொல்லுங்க, தூக்கம் வருது!"

ராசாமணி அக்கா மட்டும் தலை நிமிராமல் டி-சர்ட்டை விரித்துக்கொண்டிருந்தார். அவர் மகள் உடுமலைப் பக்கம் ஹாஸ்டலில் இருந்தாள். மாதத்தில் ஒரு ஞாயிறுதான் பார்க்க விடுவார்கள். அன்றுதான் அந்த ஞாயிறு. மகளுக்கென்று வெல்லம் போட்டுச் சுட்ட கச்சாயத்தைத் தூக்குப் போசியோடு கம்பெனிக்கே கொண்டு வந்துவிட்டார். பத்து மணி டீக்கு மூடியைத் திறந்து எல்லோருக்கும் கொடுத்தார். என்னிடமும் வந்தார்.

"இந்தாங்க தம்பி, ரெண்டு எடுத்துக்கங்க."

"அக்கா, புள்ளைக்குன்னு சுட்டது..."

"அடுத்த மாசம் வரைக்கும் இது தாங்குமாக்கும்? தின்னுங்க."

இரண்டை எடுத்துக்கொண்டேன். நாற்பத்திரண்டு வார்த்தைகளையும் ஒரு தடவை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன். அக்காவிடம் சொல்ல அதில் ஒன்றுகூட இல்லை. கச்சாயத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

"உண்மையைத்தானே சொன்னீங்க, அதுல என்ன தப்பு?" என்று பின்னாளில் சிலர் ஆறுதல் சொன்னார்கள். அது உண்மை சொன்னதில் சேராது. உண்மை சொல்ல வேண்டிய நாள், டேப் ஒட்டின நாள். அன்றைக்கு முதலாளி முகத்தைப் பார்த்துத் தமிழில் சொல்லியிருந்தால் ராசாமணி அக்கா மகளைப் பார்த்திருப்பார். நான் கைதட்டலுக்குச் சொன்னேன். கேலி செய்யும்போது இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சாயங்காலம் எல்லோரும் பஸ்ஸுக்குப் போனார்கள். நான் மட்டும் மாடிக்குப் போய் அந்தச் சிவப்புச் சேரைத் தூக்கிக்கொண்டு கீழே வந்தேன். ராசாமணி அக்கா நிற்கும் இடத்தில், ஜன்னலோரம் போட்டேன். ஆடியது. சட்டைப் பையிலிருந்த ஜெராக்ஸை எடுத்து நான்காக மடித்து அந்த ஆடும் காலுக்கு அடியில் வைத்து அழுத்திப் பார்த்தேன். கொஞ்சம் ஆடியது. பிரித்து எட்டாக மடித்து வைத்தேன். அப்புறம் ஆடவில்லை.