கபிலன் அத்தானைக் கரைத்த கதை

புதிதாக ஒன்றைக் கற்றுக்கொண்டவர் பக்கத்தில் யாரும் நிற்கக் கூடாது. நான் பாலிடெக்னிக்கில் வேதியியல் சேர்ந்த வருடம், என் குடும்பமே என் பக்கத்தில் நின்று மாட்டிக்கொண்டது.

அந்த வாரம் கொதிநிலைப் பாடம். ஏறக்குறைய ஒரே எடையுள்ள மூலக்கூறுகள்தான். ஆனால் அசிட்டோன் 56 டிகிரியில் கொதிக்கிறது, மருந்துக்கடை ஆல்கஹால் 82 வரை இழுத்தடிக்கிறது. ஆல்கஹால் மூலக்கூறுகள் ஹைட்ரஜன் பிணைப்பால் ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொள்கின்றன. அசிட்டோனுக்கு அந்தப் பிடி இல்லை. இதைக் கேட்டதிலிருந்து எனக்குத் தலைகால் புரியவில்லை. (ரசம் கொதிப்பதற்குக்கூட விளக்கம் கொடுத்தேன்.)

அந்தச் சனிக்கிழமை நித்யா அக்காவுக்கு நிச்சயதார்த்தம், சிங்கப்பூர் ஈசூனில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் திறந்த கீழ்த்தளத்தில். லிட்டில் இந்தியாவில் சொல்லிச் செய்த வெள்ளை ஃபோம் (தெர்மோகோல்) எழுத்துகளில் 'நித்யா – கபிலன்'. மேடையில் மாட்டிய பிறகுதான் பார்த்தோம், கடைக்காரர் 'க' மீதே மார்க்கரில் ஆர்டர் எண்ணைக் கிறுக்கியிருந்தார். மாப்பிள்ளையின் அம்மா சகுனம் பார்ப்பவர். மாப்பிள்ளை வீட்டார் புக்கிட் பாத்தோக்கிலிருந்து கிளம்பிவிட்டார்கள். அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது.

அம்மா ஆல்கஹால் பாட்டிலை நீட்டினார். "இதால தொடைச்சா போயிடும்லா."

"அது காய லேட்டாகும்மா. அசிட்டோன்னா உடனே பறந்துடும்," என்று அசிட்டோன் கலந்த நெயில் பாலிஷ் ரிமூவரைத் திறந்தேன்.

"மலர், நல்லா தெரியுமா?" என்றாள் அக்கா.

"அக்கா, நான் கெமிஸ்ட்ரி படிக்கிறேன்."

அசிட்டோன் சொன்னபடியே பறந்தது. பறப்பதற்கு முன் 'க'வைக் கரைத்துவிட்டது. பதறிப்போய் இன்னும் ஊற்றித் துடைத்தேன், 'பி'யும் போனது. (மூலக்கூறு விசைகள் கொதிநிலையை மட்டுமல்ல, எது எதில் கரையும் என்பதையும் தீர்மானிக்கின்றன. அது அடுத்த வாரப் பாடம்.) மிஞ்சிய 'லன்'னை அப்பா பிடுங்கி நாற்காலிக்கடியில் ஒளித்தார்.

வந்ததும் மாப்பிள்ளையின் அம்மா மேடையை நிமிர்ந்து பார்த்தார். "என் பிள்ளை பேரு எங்க?"

"நான்தான் கரைச்சுட்டேன், ஆன்ட்டி," என்றேன். நிச்சயதார்த்தம் என்னால் நின்றுவிட்டது என்றே நினைத்தேன்.

கபிலன் அத்தான் அக்காவின் முகத்தைப் பார்த்தார். நேராக மேடையேறி, பெயர் இல்லாத இடத்தில் போய் நின்றார்.

"பேரு எதுக்கும்மா? ஆளே இருக்கேன்லா."

முதலில் சிரித்தது அவர் அம்மாதான். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அவர் அப்படி நின்றபோது எடுத்த புகைப்படம் இன்றும் அவர்களுடைய கிளமெண்டி வீட்டுக் கூடத்தில் தொங்குகிறது. நான் போய் மணியடித்தால் கதவு உடனே திறக்காது. "உள்ள போங்க, மலர் வந்துட்டா," என்று அத்தானை உள்ளே அனுப்பிவிட்டு, நெயில் பாலிஷ் ரிமூவரைப் பூட்டி வைத்த பிறகுதான் அக்கா திறக்கிறாள்.