செந்தூர்வேல் இறக்கிய சரக்கு

இனிமேல் சொந்த வீட்டு லேப்டாப்பில் ஒரு சாஃப்ட்வேர் போட மனைவியின் உத்தரவு வேண்டியதில்லை என்று மில்லர்புரம் செந்தூர்வேல் சபதமெடுத்தார். மனதுக்குள்தான் எடுத்தார்.

துறைமுகத்தில் கப்பல் கப்பலாகச் சரக்கு இறக்க வழிசெய்கிறவர். வீட்டில் ஒரு சாஃப்ட்வேரை இறக்க வழியில்லை. கண்ட இடத்தில் டவுன்லோடு செய்து லேப்டாப்பை இரண்டு தடவை படுக்கவைத்தார் என்று, கம்ப்யூட்டர் டீச்சரான மனைவி அனுசியா லினக்ஸைப் போட்டுவிட்டாள். எதுவானாலும் பேக்கேஜ் மேனேஜர் வழியாகத்தான் உள்ளே வரும். பாஸ்வேர்டு அவளிடம்.

"மேனேஜரா? ஆபீஸ்ல ஒருத்தன் இருக்கது பத்தாதா?"

"இந்த மேனேஜர் வேலை பாக்கும். யார் செஞ்சது, நடுவுல எவனும் கை வச்சானானு பாத்துட்டுத்தான் உள்ள விடும்."

"நான் பாக்க மாட்டேனா?"

"நீங்க பச்சையா பட்டனைக் கண்டா அமுக்கிருதீங்க."

"வேணுங்கிறது அங்கன இல்லேன்னா?"

"என்ன வேணும்? சொல்லுங்க, தேடித் தாரேன்."

அதைத்தான் சொல்ல முடியாது. கல்லூரித் தோழர்கள் கூடும் விழா பேனருக்குப் படம் கேட்டிருந்தார்கள். படத்திலுள்ள வழுக்கையில் முடி முளைக்கவைக்கும் சாஃப்ட்வேர் ஒன்று உண்டாம். 'என்னால் முடியும்' என்று தனக்குள் சொல்லித் தலையைத் தடவிக்கொண்டார். அங்கே இல்லாததும் அதுதான்.

"ஒரு டிக்‌ஷனரி போட்டுத் தாயேன்" என்றார் தேனாக. அவள் பாஸ்வேர்டைத் தட்டும்போது காப்பி டம்ளரோடு பின்னால் நின்று எழுத்தெழுத்தாக மனப்பாடம் செய்தார். அவளும் ஏனோ நிதானமாகவே தட்டினாள்.

மறுநாள் காலை அவள் மீன் வாங்கப் போனதும் லேப்டாப்பைத் திறந்தார். பேக்கேஜ் மேனேஜரில் முடி முளைக்கவில்லை. வலைத்தளம் ஒன்றில் முளைத்தது. அங்கே பச்சைப் பட்டன்கள் வயல்போல் கிடந்தன. அமுக்கினார். பாஸ்வேர்டு கேட்டது. கொடுத்தார்.

படத்தில் அவர் தலைக்கு நேர்முடி வந்தது. தோள்வரை முடி வந்தது. சுருட்டை முடியோடு தன்னையே தலைசாய்த்து ரசித்தார். உடனே திரை சிவந்தது. 'உங்கள் கோப்புகள் எல்லாம் பூட்டப்பட்டன.'

அனுசியா போட்டுவைத்த பன்னிரண்டாம் வகுப்பின் பிராக்டிகல் மார்க்கு முழுவதும் அதில்தான் இருந்தது. செந்தூர்வேல் லேப்டாப்பை மூடித் திறந்து பார்த்தார்; சிவப்பு போகவில்லை. அனுசியா சீலா மீனோடு உள்ளே வந்தபோது பாஸ்வேர்டைத் திருடியது முதல் சுருட்டை வரை ஒன்றுவிடாமல் ஒப்பித்துவிட்டார்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு ஒரு பட்டனைத் தட்டினாள். சிவப்பு மறைந்தது. மார்க்கெல்லாம் பத்திரமாக இருந்தது.

"நேத்து நான் திறந்து வச்சது நிஜமே இல்ல. லேப்டாப்புக்குள்ள ஒரு போலி லேப்டாப். என் கிளாஸ் பிள்ளைங்க உடைச்சுப் பழக நான் செஞ்சது. அதுல என்ன ஆனாலும் வெளிய ஒண்ணும் ஆகாது."

"அப்ப தெரிஞ்சேதான் விட்டியா?"

"காப்பியைக் குடிக்காம பின்னால நிக்கையிலேயே தெரிஞ்சுது."

அவருக்கு உயிர் வந்தது. "போகட்டும். நமக்குள்ள இருக்கட்டும்."

"அதுல செய்யுதது எல்லாம் பாடத்துக்காகத் தானா ரெக்கார்டு ஆயிரும். திங்கக்கிழமை கிளாஸ்ல போட்டுக் காட்டணும்."

அழித்துவிடச் சொல்லிக் கெஞ்சினார். மீனை அவரே கழுவியும் கொடுத்தார். திங்கட்கிழமை அவள் பக்கத்து ஊரான புதுக்கோட்டைப் பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பியபோது வாசலிலேயே கேட்டார்: "பேக்கேஜ் மேனேஜர் வேணும்னுதான் பிள்ளைங்களும் சொல்லுதாங்களா?"

"அதுல எல்லாரும் ஒரே பக்கம். முடியிலதான் ரெண்டு கட்சி ஆயிட்டு. ஓட்டெடுத்ததுல சுருட்டை ஜெயிச்சுது."