பூசணிப் பாதுகாப்புக் குழு

உலக வரலாற்றிலேயே பூசணிக்காய்க்கென்று தலைவர், செயலாளர், கொள்கை விளக்கக் கூட்டம் ஆகிய மூன்றையும் கண்ட ஒரே அடுக்குமாடிக் குடியிருப்பு, சமயநல்லூரில் உள்ள எங்கள் குடியிருப்புதான் என்பதைத் தன்னடக்கத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

கொடியை நட்டவர் தரைத்தளத்தில் இருக்கும் நர்ஸ் ரோகிணி. பின்பக்க மதிலோரம், யாரும் எட்டிப் பார்க்காத மூலையில் சர்க்கரைப் பூசணி விதையை ஊன்றினார். காய்கள் குடம் குடமாகத் தொங்கிய பிறகுதான் எங்கள் சங்கத் தலைவர் ஜெயபாண்டிக்கு இயற்கை மீது பற்று வந்தது.

“பொது இடத்துல காய்ச்சது பொதுச் சொத்து!” என்று முழங்கினார். அன்றே ‘பூசணிப் பாதுகாப்புக் குழு’ உதயமானது.

ரோகிணி கூட்டத்துக்கு வந்தார். “எடுத்துக்கோங்க சார். ரெண்டு காய மட்டும் எனக்கு விடுங்க. பங்குனியில மகளுக்கு வளைகாப்பு. பூசணிக்காய் புளிக்கறி வேணும்னு ஆசையாக் கேட்டிருக்கா.”

“கோரிக்கை பரிசீலனையில் இருக்கிறது” என்றார் செயலாளர் முகேஷ். எங்கள் சங்கத்தில் ‘முடியாது’ என்பதை இவ்வளவு மரியாதையாகத்தான் சொல்வோம்.

அறுவடை விழாவுக்கு நாள் குறித்தோம். காயின் வசதிப்படி அல்ல, சிறப்பு விருந்தினரின் வசதிப்படி. மேளம் முழங்கத் தலைவர் கத்தியுடன் கொடியை நெருங்கியபோது ரோகிணி ஓடி வந்தார்.

“சார், காம்பு இன்னும் பச்சையா இருக்கு. நகம் பட்டா தோல்ல எறங்குது. கொஞ்ச நாளு பொறுங்க, முத்தட்டும்.”

“விருந்தினருக்கு இன்னைக்குத்தாம்மா தோது. காயிதான் அனுசரிச்சுப் போகணும். பீரோக்குள்ள வச்சா முத்தாதா?”

“காய் முத்தாது சார். உங்களுக்குத்தான் முத்திப்போச்சு.”

இந்தக் கடைசி வாக்கியம் அவைக்குறிப்பிலிருந்து நீக்கப்பட்டது.

காம்புகளைத் திருகி எறிந்தோம். போட்டோ எடுக்கும்போது அவை விருந்தினரின் பட்டுச்சேலையில் குத்தியதுதான் காரணம். காய்களுக்கு ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டி, தேங்காய் எண்ணெய் தடவி, பிளாஸ்டிக் தாளில் இறுகச் சுற்றி, மீட்டிங் ஹாலின் கண்ணாடி பீரோவில் கோபுரமாக அடுக்கிப் பூட்டினோம். பீரோவுக்கு ‘உணவுப் பாதுகாப்பு மையம்’ என்று பெயர்.

“ஈரத்தோட அடைக்காதீங்க சார்! வெயில்ல ஒணத்தி, வைக்கோலப் பரப்பி, ஒன்னோட ஒன்னு ஒட்டாமக் காத்தாட வைங்க” என்று ரோகிணி கெஞ்சினார்.

“வைக்கோலா? இது மாட்டுக் கொட்டம் இல்ல மேடம், மீட்டிங் ஹால்” என்றார் முகேஷ்.

சீக்கிரமே ஹாலில் நாற்றம் எழுந்தது. செத்த எலியைத் தேடித் தரையைப் பெயர்த்தோம். கழிவுநீர்க் குழாயை மாற்றினோம். பீரோவை மட்டும் யாரும் சந்தேகிக்கவில்லை. அதன்மேல் தலைவரின் படம் இருந்தது. கடைசியில் கதவிடுக்கு வழியாக மஞ்சள் நீர் வழிந்து தலைவரின் செருப்பை நனைத்த பிறகே உண்மை வெளிப்பட்டது.

உடனே விசாரணைக் கமிட்டி. விசாரித்தவரும் ஜெயபாண்டி, சாட்சி சொன்னவரும் ஜெயபாண்டி. “வெதை சரியில்ல” என்று தீர்ப்பு வந்தது. கொடியை வேரோடு பிடுங்கத் தீர்மானம் நிறைவேறியது. ஆள் மண்வெட்டியுடன் வந்த அன்று ரோகிணி டியூட்டிக்குப் போகவில்லை.

“அண்ணே, அதுல இன்னும் பிஞ்சு இருக்குண்ணே” என்றார் முகேஷிடம்.

முகேஷ் போனைப் பார்த்தார். கொடியின் வேரில் மண்வெட்டி விழுந்தது.

வளைகாப்பன்று புளிக்கறி இருந்தது. “ஒன் கொடில காய்ச்சதாம்மா?” என்று மகள் கேட்டாள். “சாப்பிடும்மா” என்று மட்டும் சொன்னார் ரோகிணி. பரவை மார்க்கெட்டில் வாங்கிய காய் அது.

அதே மார்க்கெட்டில் நாங்களும் வாங்கினோம், ஒரு ஆட்டோ நிறைய. பீரோவில் மறுபடியும் கோபுரமாக அடுக்கினோம். ‘சிறந்த பசுமைக் குடியிருப்பு’ விருதுக்கு ஒரு தொண்டு நிறுவனத்தார் பார்வையிட வந்தார்கள். பீரோவைக் கண்டு நெகிழ்ந்து, கேடயம் கொடுத்தார்கள். “எல்லாம் எங்க உழைப்பு!” என்று தலைவர் கண் கலங்கினார்.

கொடி படர்ந்த மதிலில் இப்போது குழுவினர் அனைவரின் படத்தோடும் பெரிய பேனர் கட்டியிருக்கிறோம். தண்ணீர் ஊற்ற வேண்டாம், உரம் போட வேண்டாம். வெயிலோ மழையோ, பேனர் அழுகவே அழுகாது. அழுகியவர்கள்தான் அதில் வரிசையாக நின்று சிரித்துக்கொண்டிருக்கிறார்கள்.