சூட்டில் குளிர் காய்பவர்

உங்கள் அலுவலகத்திலும் ஒருவர் இருப்பார். கண்ணால் தேட வேண்டாம், காதைக் கொடுத்தால் போதும். அரைக்க ஆள் வராமலே ஓடிக்கொண்டிருக்கும் மாவு மில்லைப் போல எந்த மேஜையிலிருந்து இரைச்சல் வருகிறதோ, அந்த மேஜைக்குப் பின்னால்தான் உட்கார்ந்திருப்பார். சூட்டுக்காரர் என்பது இந்த இனத்துக்கு நான் வைத்திருக்கும் பெயர். இவருடைய லேப்டாப் சூடாகும்.

யாருடையதுதான் சூடாகவில்லை என்பீர்கள். வாஸ்தவம். ஆனால் உங்களுடையது சூடானால் நீங்கள் எரிந்து விழுவீர்கள், கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவீர்கள், செலவைக் கேட்டு இன்னும் கொஞ்சம் எரிந்து விழுவீர்கள். இவர் அப்படியா? பெருமைப்படுவார்.

காலையில் வந்ததும் லேப்டாப்பின் பின்பக்கத்தை இரண்டு அழி ரப்பர்களின் மேல் தூக்கி நிறுத்தி, வீட்டிலிருந்து கொண்டுவந்த குட்டி மின்விசிறியை அதன் பக்கம் திருப்பிவைத்து, தன் கழுத்தில் வழியும் வியர்வையைக் கைக்குட்டையால் ஒற்றியபடி, 'எனக்கென்ன, அது நல்லா இருந்தா சரி' என்கிற முகத்தோடு உட்காருவார். அவ்வப்போது உள்ளங்கையை அதன் அடியில் செருகி, கண்ணை மூடி, நாக்கால் ஒரு 'ச்சு' கொட்டுவார். காய்ச்சல்காரப் பிள்ளைக்குக்கூட அத்தனை பெரிய 'ச்சு' கிடைத்திருக்காது.

எனக்குத் தெரிந்த ஒரு சூட்டுக்காரரிடம் அரையாண்டு அறிக்கை ஒன்று ஒப்படைக்கப்பட்டிருந்தது. அதை நன்றாக முடித்தால் காலியாகக் கிடக்கும் பிரிவுத் தலைவர் நாற்காலி அவருக்குத்தான் என்று அலுவலகமே பேசிக்கொண்டது. வாரங்கள் ஓடின. அறிக்கை ஓடவில்லை. புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி தயங்கித் தயங்கி வந்து நின்றாள்.

"சார், அந்த ரிப்போர்ட்..."

"ரிப்போர்ட் கிடக்கட்டும்மா. இங்க தொட்டுப் பாரு."

தொட்டாள். "ஐயோ, என்ன சார் இப்படிக் கொதிக்குது!"

"இப்ப நீயே சொல்லு. இதை வெச்சுக்கிட்டு மனுஷன் எப்படி டைப் பண்றது?"

கேட்க வந்தவள் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனாள். இப்படி அந்த அலுவலகத்தில் அவருடைய லேப்டாப்பைத் தொட்டுப் பார்க்காத கை ஒன்றுகூட மிச்சமில்லை.

அப்படி உள்ளே என்னதான் ஓடிக்கொண்டிருந்தது? அறிக்கையைத் தவிர எல்லாம். வாங்கப் போகாத செருப்புகள் ஒரு பக்கம், யாரோ ஒருவர் காட்டுக்குள் தனியாக வீடு கட்டுகிற படம் ஒரு பக்கம், இதெல்லாம் போதாதென்று லேப்டாப் ஏன் சூடாகிறது என்று விளக்கும் வீடியோக்கள் வரிசையாக. அதை எங்கே யாருக்குத் தெரியும்? மேனேஜர் மேடத்தின் அறைக்குள் எட்டியதெல்லாம் இரைச்சல்தான். பாவம், உயிரைக் கொடுத்து வேலை பார்க்கிறார் என்று அந்த அம்மாள் நாலு பேரிடம் சொல்லியிருந்தார். புது மெஷின் தருகிறோம் என்று வந்தவர்களையும் சூட்டுக்காரர் திருப்பி அனுப்பினார். "கம்பெனி காசை எதுக்கு வீணாக்கணும்? நான் இதுலயே சமாளிச்சுக்கறேன்." சூட்டோடு தியாகமும் சேர்ந்துகொண்டது. நாற்காலி இன்னும் கொஞ்சம் பக்கத்தில் வந்தது.

வீட்டிலும் இதே கதைதான். துணி காயப்போட வேண்டுமா? இப்போது எழுந்தால் மெஷின் அணைந்துவிடும். தண்ணீர்க் குழாய் ஒழுகுகிறதா? மெஷின் ஆறட்டும், பார்க்கலாம். இதை நம்பாத மனைவியாக இருந்தால் பிழைத்திருப்பார். அவருக்கு வாய்த்த மனைவியோ முழுசாக நம்பினாள். அறிக்கை முடியாமல் இவர் இளைத்துப் போகிறாரே என்று உண்மையிலேயே கவலைப்பட்டாள். எதிரியைச் சமாளித்துவிடலாம். பாசத்தை என்ன செய்வது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் குளிக்கப் போன நேரத்தில், விருந்துக்கு வந்திருந்த தம்பியைச் சாப்பாட்டு மேஜையில் உட்கார வைத்து, லேப்டாப்பின் முதுகைத் திறக்கச் சொல்லிவிட்டாள். உள்ளே இருந்த காற்றாடியைச் சுற்றித் தலையணைப் பஞ்சு போலத் தூசி அடைந்து கிடந்தது. தம்பி திருகாணிகளைப் பார்த்துக்கொள்ள, அக்காள் பழைய பவுடர் பிரஷால் தட்டித் தட்டி எடுத்தாள். தலையைத் துவட்டிக்கொண்டே வந்த சூட்டுக்காரர் வாசலில் நின்றார். வீட்டில் ஏதோ குறைந்தது போல இருந்தது.

"என்னாச்சு, சத்தமே இல்ல? செத்துப்போச்சா?" குரலில் கொஞ்சம் ஆசை தெரிந்தது.

"வாயைக் கழுவுங்க. ஓடிட்டுத்தான் இருக்கு," என்றாள் மனைவி. முகமெல்லாம் பூரிப்பு. "தொட்டுப் பாருங்க."

தொட்டார். மண்பானை போலக் குளிர்ந்திருந்தது.

"இனிமே நாள் பூரா ஓடினாலும் ஒண்ணும் ஆகாது மாமா," என்றான் மச்சினன்.

உன்னை எவன்டா கேட்டான் என்பது தொண்டை வரை வந்தது. "ரொம்ப சந்தோஷம்ப்பா" என்று விழுங்கிவிட்டு, அன்றைக்கு விருந்தில் இரண்டாவது தடவை எதையும் கேட்டு வாங்காமல் எழுந்துவிட்டார்.

மறுநாள் அலுவலகம் அமைதியாக இருந்தது. எவ்வளவு அமைதி என்றால், மேனேஜர் மேடம் அறையை விட்டு எழுந்து வந்துவிட்டார்.

"என்ன சார், சத்தமே காணோம். லீவோன்னு நெனச்சேன். சரி, இருக்கீங்கல்ல, ரிப்போர்ட்டைப் பாத்துடலாமா?"

பழக்கப்பட்ட நாக்கு. அது யாரையும் கேட்கவில்லை. "எங்க மேடம், மெஷின் ஒரே கொதி. தொட்டுப்..." என்றவர் அங்கேயே பல்லைக் கடித்துக்கொண்டார். பிரயோஜனம்? அவர் பழக்கிவைத்த கை அதற்குள் லேப்டாப்பின் அடியில் போய்விட்டது.

பக்கத்து மேஜைகளில் எல்லோரும் திடீரென்று மும்முரமாக வேலை பார்த்தார்கள்.

"ஜில்லுனு இருக்கே சார்," என்றார் மேடம், கையை எடுக்காமலே. "உங்களுக்குத்தான் உடம்பு சரியில்லையோ? சாயங்காலத்துக்குள்ள அனுப்பிடுங்க."

வேறு வழியில்லாமல் எழுதினார். நான்கு மணித் தேநீர் வருவதற்குள் முடித்துவிட்டார். அதுவும் நன்றாக எழுதிவிட்டார், அதுதான் கொடுமை. படித்துப் பார்த்த மேடம், "அரை நாள் வேலைதானா இது?" என்று கேட்டார். சூட்டுக்காரர் வியர்க்காத கழுத்தைக் கைக்குட்டையால் ஒற்றிக்கொண்டார். கேள்விப்பட்டபோது எனக்கே அவரை நினைத்துப் பாவமாகத்தான் இருந்தது.

நாற்காலி அவருக்குக் கிடைக்கவில்லை. அதற்குப் பதில் இன்னும் இரண்டு அறிக்கைகள் கிடைத்தன. நாற்காலியில் இப்போது வேறொருவர் இருக்கிறார். அவருடைய லேப்டாப் லேசாக இரைகிறது என்று கேள்வி.

நம்மவர் மனம் தளரவில்லை. போன வாரம் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். லேப்டாப் மெத்தையின் நடுவில் இருந்தது. அடியில் தலையணை, மேலே கழுத்து வரை கம்பளி.

"ஏங்க, அதுக்கு எதுக்குங்க கம்பளி?" என்று மனைவி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ராத்திரியெல்லாம் குளிருதுல்ல, பாவம்."

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. இன்றைக்குள் முடித்தே ஆக வேண்டிய வேலை ஒன்று உங்களுக்கும் இருக்கிறதல்லவா? அதை அப்படியே போட்டுவிட்டு இதை எதற்காகப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள்? மெஷின் கொஞ்சம் ஆறட்டும் என்றுதானே?

எங்கே, தொட்டுப் பாருங்கள்.